பணம் கட்டி ஆன்லைன் டைரக்டரியில் பெயர் போடுவது கட்டுப்படியாகுமா? என் ஒரு வருட நோட்டுக் கணக்கு இதோ

மேடவாக்கம் ஏசி
மார்ச் 19, இரவு 9.50

வணக்கம். மேடவாக்கத்தில் ஏசி சர்வீஸ் செய்கிறேன். நானும் இரண்டு பையன்களும்தான். கடை என்று தனியாகக் கிடையாது. வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஷட்டர் போட்ட சின்ன இடம், அதில்தான் கேஸ் சிலிண்டர், வாக்குவம் பம்பு, வாட்டர் வாஷ் பம்பு எல்லாம் இருக்கும்.

போன ஏப்ரலில் ஒரு ஆன்லைன் டைரக்டரியில் பணம் கட்டி லிஸ்டிங் எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, கேட்கவும் வேண்டாம். மாதம் 2,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 2,360. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போய்விடும். வருடத்துக்கு 28,320 ரூபாய். என் வரவு 20 லட்சத்தைத் தொடவில்லை, அதனால் ஜிஎஸ்டி பதிவு இல்லை. கட்டின வரியில் ஒரு ரூபாய் கூடத் திரும்ப எடுக்க வழியில்லை. இப்போது ரின்யூவல் வந்துவிட்டது. தினமும் போன் வருகிறது.

முதல் நாளே ஒரு காரியம் செய்தேன். மகளுடைய பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு வைத்தேன்: தேதி, ஏரியா, என்ன வேலை, எங்கே பார்த்துக் கூப்பிட்டார், வேலை நடந்ததா, கையில் நின்றது எவ்வளவு. போனை எடுத்ததும் "எங்கே பார்த்துங்க கூப்பிடுறீங்க?" என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஏணி மேல் நிற்கும்போது எழுத முடியாது, ராத்திரி கால் லிஸ்ட்டைப் பார்த்து எழுதுவேன்.

நேற்று உட்கார்ந்து கூட்டினேன். டைரக்டரி மூலம் வந்த அழைப்பு 214. அதில் 38 பேர் வாடிக்கையாளரே இல்லை. லோன் வேண்டுமா, வெப்சைட் செய்து தரவா, ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமா என்று கேட்டவர்கள். 97 பேர் ரேட் கேட்டுவிட்டு வைத்தவர்கள், அல்லது நான் திரும்பக் கூப்பிடும்போது "வேற ஆள் வந்துட்டாங்க" என்றவர்கள். 79 பேர் முகவரி கொடுத்தார்கள். வேலை நடந்தது 52 வீட்டில்.

அந்த 52இல் சாதாரண சர்வீஸ் 31. பையன் கூலி, பெட்ரோல் போக ஒன்றுக்கு 250 நிற்கும், ஆக 7,750. கேஸ் ஃபில்லிங் 14, ஒன்றுக்கு 1,100, ஆக 15,400. கழற்றி மாட்டுவது 7, ஒன்றுக்கு 700, ஆக 4,900. மொத்தம் 28,050.

கட்டியது 28,320. நின்றது 28,050. வருடம் முழுக்க ஓடி 270 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. கூட்டலில் தப்பு இருக்கும் என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், தப்பு இல்லை.

ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்த 52 வீட்டில் 9 வீடு அடுத்த சர்வீஸுக்கு டைரக்டரி பக்கமே போகாமல் நேராக என்னைக் கூப்பிட்டார்கள். அதில் இரண்டு வீடு வருட கான்ட்ராக்ட் கொடுத்துவிட்டது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது? ரின்யூ பண்ணலாமா, நிறுத்தலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கோவை மோட்டார்
மார்ச் 19, இரவு 10.25

கணக்கு எழுதி வைத்ததற்கே உங்களைப் பாராட்டணும்ங்க. ஆனால் இதில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது, உங்கள் நேரம். வேலை நடக்காத அழைப்பு 162. ஒன்றுக்கு மூன்று நிமிஷம் வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல். முகவரி கொடுத்துவிட்டு வேலை நடக்காத 27 வீட்டில் எத்தனை வீட்டுக்கு வண்டி எடுத்துப் போனீர்கள்? அந்தப் பெட்ரோல் எந்தக் கணக்கில் இருக்கிறது?

நான் கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள் எல்லாம். எனக்கு டைரக்டரி ஒரு வருடம் ஒன்றுமே தரவில்லை. காரணம் எளிது. தோட்டத்தில் மோட்டார் எரிந்தால் விவசாயி போனில் தேடமாட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்பார், இல்லை பைப் வாங்கும் எலக்ட்ரிக்கல் கடைக்காரரைக் கேட்பார். காலையில் எரிந்த மோட்டாரை டெம்போவில் ஏற்றி மதியத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். பயிர் காய்கிறது, ரேட் விசாரிக்க அவருக்கு நேரம் இல்லை. அந்த எலக்ட்ரிக்கல் கடைகளுக்கு மாதம் ஒரு தடவை நேரில் போய் டீ குடித்துவிட்டு வருகிறேன். என் விளம்பரம் அதுதான்.


திருப்பூர் லேபிள்
மார்ச் 20, காலை 7.10

கோவை அண்ணன் சொல்வது அவர் தொழிலுக்குச் சரி. எனக்கு நேர்மாறாக நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெய்த லேபிள், சைஸ் லேபிள், வாஷ் கேர் லேபிள் செய்து கொடுக்கிறோம். நான் எடுத்தது வீட்டுச் சேவை டைரக்டரி இல்லை, வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடுவில் இருக்கும் பி2பி தளம். அதில் நம் பொருளைப் படத்தோடு போட்டு வைக்கலாம். வாங்க நினைப்பவர் தேவையை எழுதினால் பணம் கட்டிய சப்ளையர்கள் அந்த லீடை, அதாவது வாங்குபவர் விவரத்தை, எடுத்துக்கொள்ளலாம். இலவசமாகப் பெயர் போடவும் வழி உண்டு, ஆனால் லீடு எடுப்பது காசுக்குத்தான்.

முதல் எட்டு மாதம் ஒன்றும் இல்லை. தினமும் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். "ரேட் அனுப்புங்க" என்பார்கள், அனுப்பினால் பதில் வராது. ஒன்பதாவது மாதம் லூதியானாவிலிருந்து ஒரு பார்ட்டி, ஸ்வெட்டருக்கு லேபிள் கேட்டார். 500 பீஸ் சாம்பிள். கொரியரில் அனுப்பினேன். மூன்று வருடமாக அவர் ஆர்டர் ஓடுகிறது. அந்த ஒரு பார்ட்டி என் மூன்று வருட சந்தாவைப் போல் பல மடங்கு கொடுத்துவிட்டார். லூதியானாவில் ஒருவருக்கு என்னை எப்படித் தெரியும்? நான் போய்க் கதவைத் தட்டியிருக்க முடியாது.

இன்னொன்று, எனக்கு ஜிஎஸ்டி இருக்கிறது, அதனால் கட்டின 18 சதவீதத்தை இன்புட்டில் எடுத்துவிடுகிறேன், அதாவது நான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறேன். உங்களுக்கு 28,320 ஆகும் அதே பேக்கேஜ் எனக்கு 24,000தான். காம்போசிஷன் என்ற சின்ன வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி முறையில் இருப்பவர்களுக்கும் இன்புட் கிடையாது, அவர்களும் முழுப் பணத்தையும் செலவாகவே பார்க்க வேண்டும். டீலுக்கு உட்காரும்போது இதை யாரும் சொல்லமாட்டார்கள்.


வேன் 407
மார்ச் 20, காலை 8.35

வீடு மாற்றும் வண்டி ஓட்டுகிறேன், தாம்பரம். எங்கள் தொழிலில் டைரக்டரியால் ரேட் செத்துப்போய்விட்டது. வாடிக்கையாளர் ஒரு தடவை நம்பரைத் தட்டினால் அந்த விவரம் ஒரே நேரத்தில் பல பேருக்குப் போகிறது. நான் இரண்டு நிமிஷத்தில் கூப்பிட்டேன், "நீங்க ஆறாவது ஆள், முதல் ஆள் 4,500 சொன்னார், நீங்க எவ்வளவு?" என்று அந்த அம்மா பாவம் அலுத்துப்போய்க் கேட்டார்கள். 4,500க்கு ஆள் கூலி கூட வராது என்று எனக்குத் தெரியும். அந்த ரேட் சொன்னவர் சாமான் ஏற்றின பிறகு கூடுதலாகக் கேட்பார் என்பதும் தெரியும். அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன்.


பழைய அச்சகம்
மார்ச் 20, பகல் 11.40

நான் மயிலாப்பூரில் நாற்பது வருடம் அச்சகம் நடத்தினவன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். பழைய கதை ஒன்று சொல்கிறேன், இந்த விஷயத்தோடு சேர்ந்ததுதான்.

அப்போதெல்லாம் மஞ்சள் பக்கம் என்று தடித்த புத்தகம் வரும். போன் மேஜைக்கு அடியிலேயே கிடக்கும். அகர வரிசை என்பதால் முதலில் வரவேண்டும் என்று கடைக்கு ஏ-1 என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. தனியார் அப்படி ஒரு புத்தகம் போடலாமா என்று டாடா பிரஸ்ஸுக்கும் அரசு டெலிபோன் கம்பெனியான எம்டிஎன்எல்லுக்கும் வழக்கு நடந்து, 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வியாபார விளம்பரமும் பேச்சுரிமைக்குள் வரும் என்று சொன்ன தீர்ப்பு அது. நம் மாதிரி சின்னக் கடைக்காரன் போடும் மூன்று வரி விளம்பரத்துக்கும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இடம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த வருடமே, 1996இல், மும்பையில் ஜஸ்ட் டயல் வந்தது. போனில் கூப்பிட்டுக் கேட்டால் கடை நம்பர் சொல்வார்கள். இந்தியாமார்ட் தொடங்கியதும் அதே 1996தான். புத்தகம் போய் போன் வந்தது, போன் போய் ஸ்கிரீன் வந்தது. ஜஸ்ட் டயல் பங்குச் சந்தைக்கு 2013இல் வந்து, 2021இல் ரிலையன்ஸ் கைக்கும் போய்விட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. புத்தகத்தில் விளம்பரம் கொடுத்தால், படிக்கிறவர் என் நம்பரைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டது யார் என்று புத்தகம் போட்டவருக்குத் தெரியாது. இப்போது தேடுகிறவரின் நம்பர் முதலில் டைரக்டரிக்காரர் கைக்குப் போகிறது, அவர் அதை நமக்கு விற்கிறார். வேன் தம்பி சொன்ன கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்னே இடத்துக்குக் காசு கொடுத்தோம், இப்போது ஆளுக்குக் கொடுக்கிறோம். அந்த ஆள் நமக்கு மட்டும் வருகிறாரா, பத்து பேருக்கு வருகிறாரா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.


அம்பத்தூர்க்காரன்
மார்ச் 20, இரவு 8.15

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். இப்படி ஒரு டைரக்டரி கம்பெனியில் இரண்டு வருடம் டெலிசேல்ஸில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது வேறு வேலை.

உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மாதம் பிறந்தால் டார்கெட். 25ஆம் தேதி தாண்டினால் டீம் லீடர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் மாதக் கடைசியில் உங்களுக்கு அத்தனை போன். முதல் வாரத்தில் "ஒரு ரூபாய் குறையாது" என்ற பேக்கேஜ் 29ஆம் தேதி பாதி விலைக்குக் கூட வரும். விற்கிறவர் ஒருவர், பிறகு சர்வீஸ் பார்ப்பவர் வேறு ஒருவர். நான் வாயால் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. "மாதம் இத்தனை கால் கண்டிப்பா வரும்" என்று நாங்கள் சொல்வோம். கான்ட்ராக்ட் பேப்பரில் அப்படி ஒரு வரி இருக்காது. அப்புறம், ரிப்போர்ட்டில் "என்கொயரி" என்று காட்டும் எண்ணிக்கையில் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போனவர்களும் சேர்ந்திருக்கலாம். போன் அடித்தது எத்தனை என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கேட்டகரிதான் எல்லாம். "ஏசி சர்வீஸ்" என்று ஒரே தலைப்பில் போட்டால் கார் ஏசி, ஆபீஸ் டக்ட் ஏசி, பழைய ஏசி விற்பவர் எல்லோருடைய அழைப்பும் வரும். ஏரியாவும் அப்படித்தான். "சென்னை முழுக்கப் போடுறேன் சார், அதே காசுதான்" என்று பெரிய சலுகை மாதிரிச் சொல்வோம். மேடவாக்கத்தில் இருப்பவருக்குப் பூந்தமல்லி அழைப்பு வந்து என்ன பயன்? பின்கோடு சொல்லி வாங்குங்கள், 600100, 600091 என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெரம்பூரில் பிளவுஸ் தைக்கும் ஒரு அக்காவுக்கு ஒரு வருடப் பேக்கேஜ் விற்றேன். ஒரே மெஷின், தெருவில் இருக்கிற பெண்கள்தான் வாடிக்கை. அளவு கொடுக்க யாரும் மூன்று பஸ் மாறி வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். மாதக் கடைசி, எனக்கு ஒரு டீல் குறைந்தது. "தம்பி, நீ சொல்றதால போடுறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். திட்டவில்லை. "ஒரு ஆள் கூட வரலப்பா, நிறுத்த முடியுமா?" என்று மட்டும் கேட்டார்கள். நிறுத்தும் அதிகாரம் என் கையில் இல்லை. அடுத்த மாதம் வேலையை விட்டேன். அந்த அக்காவுக்குப் பணத்தைத் திருப்பித் தர என்னால் முடியவில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அண்ணா, உங்கள் தொழில் அந்த அக்கா தொழில் மாதிரி இல்லை. ஏசி வீட்டுக்கு வந்து செய்யும் வேலை, அவசரமாகத் தேடுவார்கள். டைரக்டரி வேலை செய்யக்கூடிய தொழில்தான். உங்களுக்கு விற்ற ஆள் பேக்கேஜைச் சரியாக அமைத்துத் தரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.


மேடவாக்கம் ஏசி
மார்ச் 20, இரவு 10.05

அம்பத்தூர் தம்பி, மனம் திறந்து எழுதினதுக்கு நன்றி. ஏரியா விஷயம் நூற்றுக்கு நூறு. இப்போது நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வேலை நடந்த 52இல் 41 வீடு மேடவாக்கம், பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் சுற்றுவட்டாரம். தூரத்திலிருந்து வந்த அழைப்பில் பெரும்பாலும் ரேட் கேட்டு வைத்ததுதான். அந்தத் திரும்பி வந்த 9 வீடும் என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷத் தூரத்துக்குள்.

சீசனையும் பிரித்துப் பார்த்தேன். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்தில் மட்டும் 130 அழைப்பு. நவம்பர் முதல் ஜனவரி வரை 11. பணம் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி போயிருக்கிறது.

கோவை அண்ணன் கேட்டது, அந்த 27 வீட்டில் 12 வீட்டுக்கு நேரில் போனேன். விசிட்டிங் சார்ஜ் கேட்க மனம் வரவில்லை. மடிப்பாக்கத்தில் ஒரு வீடு, ஹாலில் ஏசிக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், டிவி மேல் பெட்ஷீட் போர்த்தி வைத்திருந்தார்கள். தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் பைப்பில் எறும்பு மண் அடைத்திருந்தது, வாயால் ஊதியே எடுத்துவிட்டேன், ஐந்து நிமிஷ வேலை. பெரியவர் பணம் எவ்வளவு என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதனால் அது நோட்டில் "நடக்கவில்லை" என்றுதான் இருக்கிறது. ஆனால் அவர் மகன் வீட்டு வேலை பிப்ரவரியில் எனக்கு வந்தது. அந்த வேலையை நான் டைரக்டரிக் கணக்கில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமா?


மதுரைச் சமையல்
மார்ச் 21, காலை 6.20

எழுத வேண்டும் தம்பி. முதல் போன் எங்கிருந்து வந்ததோ அந்தக் கணக்கில்தான் அது சேரும்.

நான் வீட்டிலிருந்தே வளைகாப்பு, பூப்புனித நீராட்டு மாதிரி ஐம்பது, நூறு பேர் விசேஷத்துக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். பணம் கட்டும் முன்னால் இலவசமாகக் கிடைப்பதை முழுசாகப் பயன்படுத்தினீர்களா என்று கேட்கத்தான் வந்தேன். கூகுள் மேப்பில் கடை போட்டிருக்கிறீர்களா? அதற்கு ஒரு பைசா கிடையாது. கடை இல்லாமல் வீட்டுக்குப் போய் வேலை செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்த ஏரியாவுக்குப் போவீர்கள் என்று மட்டும் காட்டலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தொழில் நம்முடையதுதான் என்று சரிபார்க்க முன்னெல்லாம் கூகுளிடமிருந்து தபாலில் கார்டு வரும், அதில் உள்ள பின் நம்பரைப் போட வேண்டும். எனக்கு வீடியோ எடுக்கச் சொன்னது. தெருவிலிருந்து ஆரம்பித்து, தெருப் பெயர்ப் பலகை, வீட்டு வாசல், உள்ளே வந்து பெரிய அண்டா, கேஸ் அடுப்பு, சுவரில் மாட்டியிருந்த உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே வீடியோவாகக் காட்டினேன். என் மகன் பிடித்துக் கொடுத்தான். முதல் தடவை நிராகரித்தார்கள், பலகை சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது தடவை சரியாகிவிட்டது.

இன்னொரு எச்சரிக்கை. மேப்பில் ஏறின இரண்டாவது வாரம் "கூகுளில் இருந்து பேசுகிறோம், 4,999 கட்டினால் முதலிடம்" என்று ஒரு பெண் பேசினார். கட்டிவிட்டேன். அது யாரோ வெளி ஆள், அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை. மேப்பில் மேலே வருவதற்குக் காசு வாங்குவதில்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தேடும் வார்த்தைக்கு நம் தொழில் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த இடம் என்று மூன்றைத்தான் பார்க்கிறது. விளம்பரம் என்றால் அது தனி, விளம்பரம் என்றே போட்டு வரும். அந்த 4,999 எனக்கு இரண்டு மூட்டை பொன்னி அரிசிக்கு மேல். யாரும் ஏமாற வேண்டாம்.


திருப்பூர் லேபிள்
மார்ச் 21, காலை 7.45

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மேப்பில் கடைப் பெயரோடு "சிறந்த ஏசி சர்வீஸ் மேடவாக்கம் குறைந்த விலை" என்று நீட்டி எழுதாதீர்கள். பலகையில் உள்ள பெயர் மட்டும்தான் போட வேண்டும். விதி மீறினால் பக்கத்தையே நிறுத்திவிடுவார்கள். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று சொல்வதும் அவர்கள் விதிக்கு விரோதம்.

இலவசம் என்பதையும் முழுசாக நம்பி உட்காரக் கூடாது. மேப்போடு சேர்த்து ஒரு சின்ன வெப்சைட்டும் கூகுள் இலவசமாகக் கொடுத்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். என் விசிட்டிங் கார்டில் அந்த முகவரிதான் அச்சடித்திருந்தேன், ஆயிரம் கார்டு வீண். வாடிக்கையாளர் பெயர், நம்பர் எல்லாம் நம் கையில் தனியாக இருக்க வேண்டும். உங்கள் நோட்டு எந்த டைரக்டரியையும் விடப் பெரிய சொத்து அண்ணா.


மேடவாக்கம் ஏசி
மார்ச் 21, பகல் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். மேப்பில் பெயர் இருக்கிறது அக்கா, ஆனால் வெரிஃபை பண்ணாமல் பாதியில் விட்டது. இன்றைக்கே வீடியோ எடுக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஆட்டோ டெபிட்டை எப்படி நிறுத்துவது? கணக்கில் பணம் வைக்காமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.


வங்கி கவுன்டர்
மார்ச் 21, மாலை 6.50

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்க்கிறேன், இது மாதிரி மாட்டிக்கொண்டு வருபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

கொடுக்க வேண்டிய பணத்துக்கான ஆட்டோ டெபிட், பணம் இல்லாமல் திரும்பினால், அது செக் பவுன்ஸ் மாதிரிதான். 2007ஆம் வருடத்துப் பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டம், 25ஆம் பிரிவு. நோட்டீஸ் வந்தும் கட்டாமல் இருந்தால் இரண்டு வருடம் வரை சிறை, தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வங்கி எடுக்கும் கட்டணம் வேறு.

சரியான வழி இதுதான். கான்ட்ராக்டில் ரின்யூவல் தானாக நடக்குமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று முதலில் படியுங்கள். வேண்டாம் என்று அந்தக் கம்பெனிக்கு ஈமெயிலில் எழுதுங்கள், போனில் சொன்னது கணக்கில்லை. பிறகு உங்கள் வங்கிக் கிளையில் மேன்டேட்டை, அதாவது பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ ஆட்டோபே என்றால் உங்கள் ஆப்பிலேயே ரத்து செய்யலாம். கையெழுத்துப் போட்ட மேன்டேட்டில் முடியும் தேதி என்ன என்று பாருங்கள். ஒரு வருடத்துக்குப் பேசிவிட்டு, படிவத்தில் முடிவுத் தேதி பல வருடம் தள்ளிப் போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கூட்டர் சீட்டில் வைத்து அவசரமாகக் கையெழுத்துப் போடுபவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

வருடக் காலம் முடிவதற்கு முன்னால் நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் கேட்பார்கள். உங்களுக்கு மார்ச்சோடு முடிகிறது, அதனால் இப்போதே எழுதிவிடுங்கள்.


கோவை மோட்டார்
மார்ச் 21, இரவு 9.30

எல்லோரும் எழுதினதைப் படித்த பிறகு நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அந்த 9 வீட்டை நான் லேசாக நினைத்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு சர்வீஸ் என்றால் 9 வீடு, 250 ரூபாய், 4,500 ஆகிறது. இடையில் ஒரு கேஸ் ஃபில்லிங், மாடி வீட்டுக்காரர், தங்கச்சி வீடு என்று அது வளரும். அடுத்த வருடம் அந்தப் பணத்துக்கு நீங்கள் யாருக்கும் கமிஷன் தர வேண்டாம்.

ஆக, ஏரியாவில் ஆள் தெரியாத முதல் வருடம் நீங்கள் கட்டினது வீண் இல்லை. இப்போது உங்களை அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியும். தெரிந்த பிறகும் வருடம் முழுக்க அதே காசைக் கட்டுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லைங்க.


பழைய அச்சகம்
மார்ச் 22, காலை 10.15

மகனோடு பேசினதில் உங்களுக்கு ஒரு யோசனை. வேலை முடிந்த ஒவ்வொரு ஏசியிலும் உங்கள் பெயர், நம்பர், சர்வீஸ் செய்த தேதி, அடுத்த தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வாருங்கள். அந்த வீட்டுக்காரர் மறுபடியும் ஏன் டைரக்டரியில் தேட வேண்டும்? 52 வீட்டில் 43 வீடு திரும்ப வரவில்லை என்றால், வேலை பிடிக்காமல் போனவர்களை விட நம்பரைத் தொலைத்தவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.


மேடவாக்கம் ஏசி
ஏப்ரல் 6, இரவு 9.15

கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

வருட ரின்யூவல் வேண்டாம் என்று 22ஆம் தேதியே ஈமெயில் அனுப்பினேன். வங்கியில் எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கினேன். மேன்டேட் முடிவுத் தேதியைப் பார்த்தேன். கவுன்டர் சார் சொன்னது போலவேதான், இன்னும் நாலு வருடம் இருந்தது. கை நடுங்கிவிட்டது.

டைரக்டரிக் கம்பெனி எக்சிகியூட்டிவ் தம்பி 30ஆம் தேதி நேரில் வந்தார். அவரைக் கோபிக்கவில்லை, அம்பத்தூர் தம்பி எழுதினது நினைவில் இருந்தது. நோட்டைக் காட்டினேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம் மட்டும், இரண்டு பின்கோடு மட்டும், ஸ்பிளிட் ஏசி ரிப்பேர், கேஸ் ஃபில்லிங் இரண்டு தலைப்பில் மட்டும் என்றேன். அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்றார். சரி, நன்றி என்று டீ கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார். மூன்று மாதத்துக்கு வரியோடு 7,080, ஒரே தடவையாகக் கட்டணும், ஆட்டோ டெபிட் இல்லை என்றார். எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார், கட்டினேன். மாதக் கணக்குக்குப் பார்த்தால் அதே 2,360தான், விலை குறையவில்லை. ஆனால் காலி மாதங்களுக்கு இனி போகாது. நேற்று வரை 17 அழைப்பு, அதில் 9 வேலை, ஒன்று கூட ஏரியாவுக்கு வெளியே இல்லை.

மேப்பில் வெரிஃபை ஆகிவிட்டது அக்கா. திரும்பி வந்த 9 வீட்டுக்கும், மடிப்பாக்கம் பெரியவருக்கும் நானே போன் பண்ணி, இஷ்டம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். மடிப்பாக்கம் பெரியவர் டிரெய்ன் பைப் கதையை அப்படியே எழுதிவிட்டார், படித்தபோது கண் கலங்கிவிட்டது.

ஸ்டிக்கரில்தான் ஒரு சிக்கல். இங்கே பக்கத்தில் 200 அடித்தேன். சர்வீஸ் பண்ணும்போது தண்ணீர் பட்டதும் மை கரைகிறது, தேதி எழுதின பேனா எழுத்தும் நிற்கவில்லை. திருப்பூர் தம்பி, இதற்கு என்ன மெட்டீரியல் போட வேண்டும்?


திருப்பூர் லேபிள்
ஏப்ரல் 6, இரவு 10.40

நான் நெய்கிறவன் அண்ணா, ஆனால் ஸ்டிக்கர் அடிக்கும் பக்கத்து யூனிட்டில் கேட்டேன். பேப்பர் ஸ்டிக்கர் வேண்டாம், வினைல் ஷீட்டில் அடித்து மேலே லேமினேஷன் போடச் சொல்லுங்கள். தேதி எழுதும் கட்டத்தை மட்டும் லேமினேஷன் இல்லாமல் விடச் சொல்லி, அதில் பர்மனென்ட் மார்க்கரில் எழுதுங்கள். அவுட்டோர் யூனிட்டில் ஒட்டாதீர்கள், வெயிலில் ஒரு சீசன் தாங்காது. இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டில், ரிமோட் பிடித்து நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் ஒட்டுங்கள். சாம்பிள் 20 பீஸ் கொரியரில் போடுகிறேன், தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.